ஐந்தடிக்காரிக்கு ஏற்ற கயாக்

போன இதழில் கடல் கயாக் (குழிக்குள் கால் நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) பற்றிப் போகிறபோக்கில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: "நான் குள்ளம், ஒல்லி. எனக்கு இது சரிப்பட்டு வருமா?" நானும் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவுதான். எடை 48 கிலோ. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள். துடுப்பு பிடித்தது வடக்கு வேல்ஸில் ஆங்கிள்சி தீவுக்குக் குடிவந்த பிறகுதான். ஆகையால் இந்த முறை முழுக்க இந்தக் கதையே.

"எனக்கு 43 வயது. நான்கடி பதினோரு அங்குலம், 47 கிலோ. ஸ்காட்லாந்துக்கு விடுமுறை போனபோது கடல் கயாக் வாடகைக்கு எடுத்தோம். என் கணவர் அம்பு மாதிரி போய்விட்டார். என் படகு திரும்பவே மாட்டேன் என்றது. துடுப்புப் போடும்போதெல்லாம் விரல்முட்டி விளிம்பில் இடித்துத் தோல் உரிந்துவிட்டது. காற்று வந்ததும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. எனக்குப் பலம் போதாதா?" (வாசகி, லெஸ்டர்)

விரல்முட்டி இடித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. படகு உங்களுக்குப் பெரிது. அக்காவின் ரவிக்கையைத் தங்கச்சிக்கு மாட்டிவிட்டுக் கையைத் தூக்கு என்றால் எப்படி இருக்கும்? அதேதான்.

எனக்கும் இப்படித்தான் ஆரம்பம். 2009 ஜூன், ரோஸ்கோலின் பக்கம் ஒரு கடற்கரை. கொடுத்தது ஆறடி ஆளுக்கான வாடகைப் படகு. உள்ளே இறங்கியதும் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. விளிம்பு விலா எலும்பு வரை வந்தது. கால்மிதியை எவ்வளவு பின்னுக்கு இழுத்தாலும் பெருவிரல் நுனிதான் பட்டது. இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு தேங்காய் வைக்கலாம், அவ்வளவு இடம். தென்மேற்குக் காற்று கொஞ்சம் எழும்பியதும் படகு காய்ந்த தென்னமட்டை மாதிரி மிதந்து சுற்றியது. கடைசியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். "தோளுக்கு நல்ல பயிற்சி எடுங்கள்" என்று சொல்லித்தந்தவர் அறிவுரை சொன்னார். அதை நம்பி இரண்டு வருஷம் வீட்டுக் கூடத்தில் டம்பெல் தூக்கினேன். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

நடந்தது என்ன என்றால், எண்பது கிலோ ஆளையும் அவர் மூட்டைமுடிச்சையும் சுமக்க வரைந்த படகு, நாற்பத்தேழு கிலோவுக்கு உட்காருவதே இல்லை. மேலேயே மிதக்கிறது. மூக்கும் வாலும் தண்ணீரை விட்டு எழும்பி நிற்பதால் தண்ணீரில் பிடி குறைவு, காற்றுக்குக் காட்டும் பரப்பு அதிகம். மேல்தளம், அதாவது காலை மூடியிருக்கும் மேற்பகுதி, உயரமாகவும் அகலமாகவும் இருப்பதால் துடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. தோள் வலிப்பதும் விரல்முட்டி இடிப்பதும் அதனால்தான். எல்லாவற்றையும்விட முக்கியம், கடல் கயாக்கைத் திருப்புவது துடுப்பு மட்டும் இல்லை, இடுப்பும் முழங்காலும்கூட. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது பிட்டத்தில் எடையைப் போட்டு, வலது முழங்காலால் மேல்தளத்தை உள்ளேயிருந்து தூக்கிவிட வேண்டும். படகு இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் வளையும். சைக்கிளுக்கு நேர் எதிர். முழங்கால் தளத்தைத் தொடவே இல்லையென்றால் எதை வைத்துத் தூக்குவீர்கள்?

2011 இல் தோழி ஒருத்தி பியூமாரிஸ் கரையில் தன் படகை எனக்கு மாற்றிக் கொடுத்தாள். வேலி (Valley) என்ற பிரிட்டிஷ் கயாக் கம்பெனியின் அவசெட், அதில் எல்.வி. என்கிற வகை. லோ வால்யூம் என்பதன் சுருக்கம் அது, கொள்ளளவு குறைந்த படகு என்று அர்த்தம். சாதாரண அவசெட் 16 அடி நீளம், 22 அங்குல அகலம். எல்.வி. அதைவிடக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் ஒல்லி, மேல்தளமும் தாழ்வு. உட்கார்ந்தேன். இரண்டு தொடையும் தளத்துக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டன. நாலு துடுப்புப் போட்டு, பழக்கதோஷத்தில் வலது முழங்காலைக் கொஞ்சம் தூக்கினேன். படகு சடாரென்று திரும்பியது. நான்தான் தயாராக இல்லை, அலறிவிட்டேன். இரண்டு வருஷ டம்பெல் செய்யாததை அரை அங்குல முழங்கால் செய்தது.

அவசெட் என்பது மேல்நோக்கி வளைந்த மூக்குள்ள பறவை. நம் ஊரில் கோணமூக்கு உள்ளான் என்பார்கள். படகின் மூக்கும் அப்படித்தான் லேசாக நிமிர்ந்திருக்கும்.

எல்.வி. தவிர வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பெரிய படகே வாய்த்தால் இடுப்பின் இரண்டு பக்கமும் கூடாரப் பாய் ஃபோமை வெட்டி அடையுங்கள். இருக்கைக்குப் பின்னால், நடுக்கோட்டில், தாழ்வாக, உருளாதபடி கட்டி ஏழெட்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வையுங்கள். படகு கொஞ்சம் அமிழும். பாதி நோய் அதிலேயே தீரும்.

"கயாக்கில் எஸ், எம், எல் என்று சட்டை மாதிரி அளவு உண்டா? மகள் பள்ளித் திட்டப்பணிக்காகக் கேட்கிறாள்: முதலில் செய்தவர்கள் எப்படி அளவு பார்த்தார்கள்?" (வாசகர், ஹாரோ)

மகளுக்கு என் பாராட்டு. கேட்க வேண்டிய கேள்வி அது.

கிரீன்லாந்தின் இனூயிட் வேட்டைக்காரர்கள் அளவுநாடா இல்லாமல் செய்தார்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: நீளம், கையை விரித்தால் வருகிற மார் அளவில் மூன்று மடங்கு. அகலம், இடுப்பும் அதன் இருபுறம் மூடிய கைமுட்டி ஒவ்வொன்றும். உட்கூட்டின் ஆழம், மூடிய கைமுட்டியும் நிமிர்த்திய கட்டைவிரலும். ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அளவுகோல் எப்போதும் செய்கிறவன் உடம்புதான். கடலில் மிதந்து வந்த கட்டையில் சட்டம், அதன்மேல் கடல்நாய்த் தோல். அந்தத் தோலைத் தண்ணீர் புகாமல் தைத்தது பெண்கள். உட்கார்ந்து போனது ஆண்கள். பெண்களுக்கு உமியாக் என்று தனிப் பெரிய படகு, அது குடும்பத்தையும் சாமானையும் ஏற்றுவதற்கு! இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை, எங்கள் வீட்டுக் காரும் அப்படித்தான்.

இந்த அளவு எங்கே தொலைந்தது என்பதற்கு ஒரு படகின் கதை போதும். 1959 இல் கென் டெய்லர் என்ற கிளாஸ்கோ மாணவர் மேற்குக் கிரீன்லாந்தில் இக்ளோர்சுயிட் என்ற சின்னக் கிராமத்தில் கோடையைக் கழித்தார். அங்கே எமானுவேல் கோர்னெலியுசன் என்ற கைவினைஞர் அவருக்கு ஒரு கயாக் செய்துகொடுத்தார். அது ஸ்காட்லாந்துக்கு வந்தது. டங்கன் வின்னிங் என்பவர் அதை அளந்து வரைபடம் போட்டார். அந்த வரைபடத்தை வைத்து ஜெஃப் பிளாக்ஃபோர்ட் என்பவர் தான் உட்காரும்படி பெரிதாக்கி ஒட்டுப்பலகையில் கட்டினார். அப்புறம் அதையே வேலி கம்பெனி ஃபைபரில் வார்த்து அனஸ் அக்யூட்டா என்று விற்றது. அது ஊசிவால் வாத்தின் அறிவியல் பெயர். இன்றும் பிரிட்டனில் கடல் கயாக் ஓட்டுகிறவர்கள் மரியாதையோடு பேசும் படகு. யார் மேலும் குற்றமில்லை, அவரவர் தங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அச்சில் வார்க்க ஆரம்பித்ததும் ஒரே அளவு எல்லோருக்கும் என்றாகிவிட்டது. வாங்குகிறவர்களில் பெரும்பாலும் நெடுநெடுவென்ற ஆண்கள், அவர்கள் அளவே அளவு. சின்ன உடம்புக்கென்று தனி அச்சு போட ஆரம்பித்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். எஸ், எம், எல் என்று பெயர் வைக்காமல் எல்.வி. என்கிறார்கள், விஷயம் ஒன்றுதான்.

"என் மனைவி குட்டை. அதனால் பத்தடி பிளாஸ்டிக் கயாக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை மலிவு, 30 அங்குல அகலம், கவிழவே கவிழாதாம். வாங்கலாமா?" (வாசகர், மில்டன் கீன்ஸ்)

குட்டை ஆளுக்குக் குட்டைப் படகு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன உடம்புக்கு வேண்டியது ஒடுங்கிய இடுப்பும் தாழ்ந்த தளமும். நீளம் பதினைந்து, பதினாறு அடி இருந்தால்தான் நேராகப் போகும். 30 அங்குல அகலத்தில் அவர் கை தண்ணீரை எட்ட முன்னாலேயே பாதிப் பலம் போய்விடும். நீங்கள் சொல்கிற வகைப் படகுகள் பலவற்றில் உள்ளே தடுப்புச் சுவர்களே இருக்காது. ஒரு முறை கவிழ்ந்தால் முழுப் படகும் நிரம்பிவிடும். கடலில் நின்று அதை இறைக்க முடியாது. குளத்துக்கு, அமைதியான கால்வாய்க்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

கவிழவே கவிழாது என்பது அசையாத தண்ணீரில் உண்மை. அலையில் அகலப் படகு அலையோடு சேர்ந்து சாயும். ஒல்லிப் படகில் இடுப்பைத் தளர்த்தி உட்கார்ந்தால் அலை அடியில் போய்விடும், உடம்பு நேராக இருக்கும். முதல் பத்து நிமிஷம் கிடுகிடுவென்று ஆடும். அதைப் பார்த்துப் பயந்து அகலப் படகு வாங்குகிறவர்கள்தான் ஒரு வருஷத்தில் அதை விற்கிறார்கள்.

இன்னொன்று. அடுத்த கடிதத்தை உங்கள் மனைவியையே எழுதச் சொல்லுங்கள்.

"காற்று பக்கவாட்டில் அடித்தால் படகின் மூக்கு தானாகக் காற்றுப் பக்கமே திரும்புகிறது. ஒரே பக்கம் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துவிடுகிறது. சுக்கான் வைத்த படகு வாங்கட்டுமா?" (வாசகி, அபர்டீன்)

படகு முன்னே போகும்போது மூக்கு தண்ணீரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். வால்பக்கம் தண்ணீர் கலங்கித் தளர்ந்து கிடக்கும். காற்று தள்ளும்போது தளர்ந்த பக்கம்தானே நகரும்? வால் நகர, மூக்கு காற்றைப் பார்க்கத் திரும்புகிறது. லேசான ஆளுக்கு வால் இன்னும் மேலே நிற்பதால் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

சுக்கானும் நல்லதுதான். ஆனால் பிரிட்டிஷ் படகுகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்கெக். வாலுக்கு அடியில் கத்தி மாதிரி இறங்கும் தகடு அது. இருக்கைப் பக்கத்தில் உள்ள விசையை நகர்த்தினால் இறங்கும். முழுக்க இறக்கினால் வால் பிடித்துக்கொள்ள, மூக்கு காற்று போகும் திசைக்கு விழும். பாதி இறக்கினால் குறுக்கே நேராகப் போகலாம். கால், அரை, முக்கால் என்று தேடிப் பிடிக்க வேண்டும், காய்ச்சின பாலுக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி.

ஒரு சின்ன விஷயம், யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். கூழாங்கல் கரையில் இறக்கும்போது கல் ஒன்று ஸ்கெக் பெட்டிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். நடுக்கடலில் விசையை அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். தகட்டின் நுனியில் துளை இருந்தால் அதில் ஒரு விரல் நீளத்துக்கு நைலான் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கூட வருகிறவர் அதைப் பிடித்து இழுத்தால் கல் விழுந்துவிடும். என் படகில் பச்சைக் கயிறு.

"கவிழ்ந்தால் என்ன செய்வது? எனக்கு நீச்சல் சுமார்தான். கைப்பலமும் இல்லை, படகு மேல் ஏற முடியாது என்று பயம்." (வாசகி, குரோய்டன்)

பயம் நல்லது, இருக்கட்டும். நீச்சல் சுமார் என்றால் முதலில் நீச்சல் குளத்தில் ஒரு பருவம். மிதவைச் சட்டை போட்டுத்தான் போவோம் என்றாலும் முகம் தண்ணீரில் மூழ்கினால் பதறாமல் இருக்கப் பழக வேண்டும்.

ஏறுவதற்குக் கைப்பலம் அவ்வளவு தேவையில்லை. துணைக்கு வந்தவர் உங்கள் படகின் மூக்கைத் தன் படகின் மேல் இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிமிர்த்தித் தன் படகோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்வார். நீங்கள் மல்லாக்க மிதந்தபடி ஒரு காலைத் தூக்கி இருக்கைக் குழிக்குள் போட்டுக் குதிகாலை விளிம்பில் கொக்கி மாதிரி மாட்ட வேண்டும். அப்புறம் வேலை செய்வது தொடை. உடம்பு உருண்டு மேலே வந்துவிடும். நான் கையால் இழுத்து ஏறப் பார்த்து ஏழு முறை தோற்றவள், காலை மாட்டச் சொன்னதும் முதல் தடவையே ஏறினேன். மேல்தளம் தாழ்வான படகில் இது இன்னும் சுலபம். எல்.வி. படகின் லாபங்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் முடியாவிட்டால் விளிம்பைச் சுற்றி ஒரு நாடா வளையம் தொங்கவிட்டு, அதில் காலை வைத்துப் படிபோல ஏறலாம்.

குளிரைப் பற்றித்தான் நான் பிடிவாதக்காரி. மே மாதம் வெயில் சுள்ளென்று அடிக்கும், கடல் 10, 11 டிகிரிதான் இருக்கும். திடீரென்று அதில் விழுந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், ஒரு நிமிஷத்துக்கு உங்கள் சொல்பேச்சு கேட்காது. ஒல்லி உடம்பு சூட்டையும் சீக்கிரம் இழக்கும். வெயிலுக்கு உடுத்தாதீர்கள், தண்ணீருக்கு உடுத்துங்கள். ட்ரை சூட் (உள்ளே தண்ணீர் புகாத முழு உடை) விலை அதிகம், சிறிய அளவு கிடைப்பதும் கஷ்டம். நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அளவைத் தேடி வாங்கினேன். கணுக்கால் பக்கம் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், இருக்கட்டும்.

"துடுப்பு எத்தனை சென்டிமீட்டர்?" (வாசகர், பர்மிங்ஹாம்)

உங்கள் உயரம் எழுதவில்லை. என் அளவுக்காரர்களுக்கு 205 முதல் 210. கடையில் சும்மா கேட்டால் 220 ஐ எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். நீளத்தைவிடத் தண்டின் பருமனைப் பாருங்கள். விரல் குட்டையானவர்களுக்கு மெல்லிய தண்டு தனியாகக் கிடைக்கிறது. பருத்த தண்டை இறுக்கிப் பிடித்துப் பிடித்துத்தான் மணிக்கட்டு வீங்குகிறது. கிரீன்லாந்து மரத்துடுப்பு என்றால் அங்கேயும் உடம்புக் கணக்குதான்: மார் அளவோடு ஒரு முழம்.

"58 வயது. முட்டி ஆபரேஷன் ஆகிவிட்டது. 25 கிலோ படகைத் தனியாகக் காரின் மேல் ஏற்ற வழி உண்டா?" (வாசகி, கார்டிஃப்)

முழுப் படகையும் ஒரே நேரத்தில் தூக்காதீர்கள். படகைக் காருக்குப் பின்னால் நீளவாக்கில் வையுங்கள். குளியலறை ரப்பர் மெத்தை ஒன்றைக் காரின் பின்கண்ணாடி மேல் விளிம்பில் விரியுங்கள். மூக்கை மட்டும் தூக்கி மெத்தை மேல் சாய்த்துவிட்டு, பின்னால் போய் வாலைத் தூக்கித் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் பாதி எடைதான் உங்கள் கையில். தரையில் இழுக்க இரண்டு சக்கர வண்டி உண்டு, மடக்கிப் படகின் பின் அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். கார்பன், கெவ்லார் கலந்த படகு 20 கிலோ அளவில் கிடைக்கும், ஆனால் விலை கேட்டால் முட்டி மறுபடி வலிக்கும். சாதாரண ஃபைபர் படகே புதிதாக மூவாயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. பழைய படகைத் தேடுங்கள். சின்ன அளவுப் படகுகள் சந்தைக்கு வருவது குறைவு, வந்தாலும் ஒரு வாரத்தில் போய்விடும். கீறல் இருந்தால் பரவாயில்லை. இருக்கைக்குள் உட்கார்ந்து பார்க்காமல் மட்டும் பணம் கொடுக்காதீர்கள். உள்ளங்கையை விரித்து இடுப்புக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் விட்டால் நுழைய வேண்டும், மூடிய கைமுட்டியே நுழைந்தால் பெரிது. பாதம் மிதியில் பதிய வேண்டும், முழங்கால் தளத்துக்கு அடியில் தட்ட வேண்டும்.

"அக்கா, நீங்கள் இருக்கும் பக்கம் வந்தால் முதல் தடவை எங்கே இறங்கலாம்? பென்மோன் கலங்கரை விளக்கம் படத்தில் பார்த்தேன், அங்கே போகட்டுமா?" (வாசகி, மான்செஸ்டர்)

பென்மோனுக்குக் காரில் போங்கள், பார்த்துவிட்டு வாருங்கள். 1838 இல் கட்டியது, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டுத் தண்ணீருக்குள் நிற்கும். கரைப்பக்கம் வழி இல்லை என்று அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். அந்த இடுக்கில் நீரோட்டம் வேகம். ஆங்கிள்சியை வேல்ஸ் பெருநிலத்திலிருந்து பிரிக்கும் மெனாய் நீரிணையில் இரண்டு பாலங்களுக்கும் நடுவே ஸ்வெல்லீஸ் என்ற இடம் இன்னும் மோசம், பெரிய ஓத நாட்களில் எட்டு நாட் வேகம் (மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போல) வரை ஓடும். நான் அங்கே போனது மூன்றாவது வருஷம், அதுவும் நீர் நின்று திரும்பும் அரை மணி நேரத்துக்குள்.

முதல் நாளுக்கு லான்பெரிஸில் உள்ள பாடர்ன் ஏரி. நல்ல தண்ணீர், ஓதம் இல்லை, கரையோரம் சின்ன ரயில் ஓடும். அங்கே பத்து முறை வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். ரயிலில் போகிறவர்கள் கையசைப்பார்கள், கூச்சப்படாதீர்கள். வாடகைப் படகு எடுக்கும் முன் போனிலேயே உங்கள் உயரத்தையும் எடையையும் சொல்லி, எல்.வி. இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்களுக்கு என்று பொதுவாகச் சொன்னால் இளஞ்சிவப்பு நிறத்தில் அதே பெரிய படகு வரலாம், எனக்கு வந்தது. சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் கார் நிறுத்த இடம் கிடைக்காது.